ஸ்கானில் தெரியாத அடி

தலையில் அடிபட்டு, ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதற்குப் பிறகும் சுகப்படாமல் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களும் வாசித்தால் நல்லது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கைவந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, வாழைப்பழம் சுற்றுகிற பழைய பேப்பர்களை விரித்து விரித்து வாசித்துத்தான். வசனம் எங்கேயாவது கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கோணல் இல்லை.

ஒரே இருப்பில் எழுதி முடிக்கவும் என்னால் ஏலாது. கொஞ்ச நேரம் எழுத்தைப் பார்த்தால் நெற்றிக்குப் பின்னால் ஓர் இறுக்கம் வரும். அது வருமுன் பேனையை வைத்துவிட வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. ஆகையால் இது துண்டு துண்டாகத்தான் வரும்.

என்ன போனது என்று விளங்க வேண்டுமானால் நான் யார் என்று முதலில் தெரிய வேண்டும். நீர்வேலியில் என்னுடைய வாழைத்தோட்டம் எது என்று கேட்டால் இன்று சின்னப்பிள்ளையும் வழி காட்டும். ஆனால் மீசை முளைக்காத வயதில் நான் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறினவன். அப்பர் எனக்கு விட்டுப்போனது ஒரு மண்வெட்டியும் அவருடைய இருமலும்தான். மற்றதெல்லாம் இந்தக் கையும் இந்தத் தலையும் செய்தவை. தோட்டம், லொறி, மேல்வீடு, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நட்ட வாழை. குலையைத் தூக்கிப் பார்த்து நிறை சொல்லுவேன். தராசு பிறகு வந்து எனக்குச் சாட்சி சொல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே சவாரி. தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். இரண்டு நாம்பன்களை, அதாவது காளை மாடுகளை, ஒரு சின்ன வண்டிலில் பூட்டி, நீளத் திடலில் இன்னொரு சோடியோடு ஓடவிடுகிற போட்டி அது. வண்டிலுக்கு வில் கிடையாது, பிடிக்கக் கம்பி கிடையாது. சில்லில், சக்கரத்தில், விழுகிற ஒவ்வொரு அடியும் முதுகெலும்பு வழியாக மண்டைக்கு வரும். என்னுடைய சோடிக்கு மயிலை, கறுவல் என்று பெயர். தடியால் அடித்து மாடு ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் தொண்டையால் ஓட்டுகிறவன். நான் ஒரு சத்தம் போட்டால் மாடு இரண்டும் நிலத்தைத் தொடாமல் போகும். அந்தச் சத்தத்துக்குத் தென்மராட்சி வரைக்கும் பெயர் இருந்தது. அறுபத்தேழு வயதில் வண்டிலில் ஏறுகிறவன் என்னைவிட வேறு ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான்.

விழுந்தது எனக்கு நினைவில்லை.

திடலில் வண்டில் பூட்டியது நினைவிருக்கிறது. கறுவலின் முதுகுச் சூடு உள்ளங்கையில் நினைவிருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரையில் சுழலுகிற மின்விசிறி. நடுவில் இருந்த பின்னேரத்தை யாரோ கத்தியால் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அது இன்றுவரை திரும்பி வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லலாம். சில்லு ஒரு வரம்பில் ஏறி வண்டில் துள்ளியதாம். நான் பின்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டுப் பிடரி நிலத்தில் அடிபட்டதாம். கொஞ்சம் அசையாமல் கிடந்துவிட்டு நானாக எழும்பி, சாரத்தைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "ஆர் முன்னுக்கு?" என்று கேட்டேனாம். பதில் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு, யார் வென்றது என்று மறுபடியும் அதையே கேட்டேனாம். மருமகன் கேதீஸ் தன்னுடைய ஓட்டோவில் என்னை ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியெல்லாம் அதே கேள்வி. என் மனைவி பூமணி பதறிக்கொண்டு வந்து கட்டில் தலைமாட்டில் நின்றபோது, அவளைப் பார்த்து நீ எப்போது வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லையாம். ஆர் முன்னுக்கு என்றுதான் கேட்டேனாம்.

"நாங்கள்தான்" என்று அவள் சொன்னாளாம். அதைக் கேட்டால் அடங்குவேனாம். அடங்கி, மறந்து, திரும்பவும் கேட்பேனாம். விடியும்வரை அவளும் சளைக்காமல் அதையே சொன்னாளாம்.

மூளை அதிர்ச்சி என்று இதற்குப் பெயர். மண்டை உடையாது, இரத்தம் வராது, ஆனால் உள்ளே மூளை குலுங்கி அதன் வேலை குழம்பிப்போகும். கேட்டதையே கேட்பது அதற்கு ஓர் அடையாளம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்டு வருகிறவனை எப்படி அடிபட்டது என்று கேட்டு எழுதுவார்கள், பொலிஸுக்கும் போகும். சவாரி என்று சொன்னால் விசாரணை வரும், அடுத்த போட்டிக்கு அனுமதி இழுபடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அதனால் சவாரிக்காரர் எல்லோரும் கிணற்றடியில்தான் வழுக்கி விழுவோம். எங்கள் பகுதியில் கிணற்றடியில் கை கால் முறிந்தவர்களை எண்ணிப் பார்த்தால், நாங்கள் குளிப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை என்றுதான் வெளியூரவன் நினைப்பான். கேதீஸும் அதையே சொன்னான். நானும் தலையாட்டினேன். எனக்கே தெரியாத கதைக்கு நானே சாட்சி.

ஸ்கான் எடுத்தார்கள். ஓர் இரவு வைத்திருந்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, பெயர் கேட்டு, விரலைப் பிடித்து நெரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காலையில் டொக்டர் வந்து இரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறியவில்லை, சில நாட்களுக்குத் தலையிடி இருக்கும், ஆறுதலாக இருங்கள் என்றார். வாந்தி சத்தி எடுத்தாலோ, ஒரு பக்கம் கை கால் சோர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழும்பாத நித்திரையாக இருந்தாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று பூமணிக்குச் சொன்னார். கிணற்றடியில் பாசியைத் தேய்த்துக் கழுவி வைக்கும்படியும் சொன்னார். கிணற்றடியில் விழுந்தவனுக்கு அவர் சொன்னது எல்லாமே சரி. வண்டிலால் விழுந்தவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதைச் சொல்ல அவருக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னைக் கெடுத்தது அன்பு. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. பூமணிக்கு யாரோ, தலையில் அடிபட்டவனை நித்திரை கொள்ள விட்டால் அப்படியே போய்விடுவான் என்று சொல்லிவிட்டார்கள். எழும்பாத நித்திரை என்று டொக்டர் சொன்னதையும் அவள் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பகலில் கண் சொருகினால் தோளில் தட்டுவாள். இரவில் மணிக்கூடு வைத்து எழுப்புவாள்.

"இஞ்சருங்கோ. நான் ஆர்?"

"நீர் ஆரோ பெரிய இடத்துப் பொம்பிளை. என்னைப் படுக்க விடும்."

"பேரைச் சொல்லுங்கோ."

பேரைச் சொன்னால்தான் விடுவாள். அவளும் நித்திரை கொள்ளவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தேங்காய் திருவினாள். இது வாரக்கணக்கில் நடந்தது.

பிறகு பார்க்க வந்தவர்கள். எங்கள் ஊரில் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் பார்க்கப் போகாதது பெரிய குறை. பால்மா டின்னும் பிஸ்கற்றுமாக வந்தார்கள். வந்தவர்களுக்குக் கதை வேண்டும், எனக்குக் கதை சொல்ல வேண்டும். எனக்கே நினைவில்லாத ஓட்டத்தை ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஆள் விழுந்தும் மாடு நிற்கவில்லை, ஓட்டுகிறவன் இல்லாமலே என் சோடி கோட்டைத் தாண்டியது, வலிகாமத்தில் இப்படி ஒரு வெற்றி நடந்ததில்லை என்று சொன்னேன். செல்வரத்தினமும் வந்தான். அன்று எனக்கு எதிராக ஓடினவன் அவன். வாழ்நாள் முழுக்க எனக்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காத மனிதன். அவனுக்கும் அதே கதையைச் சொல்லி, "என்ன, ஆளில்லாத வண்டிலுக்குத் தோத்துப் போனாய் போலை" என்று சீண்டினேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஓமண்ணை. உங்கடை மாடு மாடுதான்" என்றான். அவன் இறங்கி வந்துவிட்டான் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

ஒவ்வொருவர் போன பிறகும் தலை பிளந்தது. தலையிடிக் குளிசை போட்டேன். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, ஆட்கள் வந்தால் மேலும் இரண்டு.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள் அல்லவா. ஒன்றுமில்லாதவன் எதற்குப் படுத்துக் கிடக்க வேண்டும்? மாடுகள் கொட்டிலில் நின்று கொழுத்துவிடும் என்று, தலையிடி இருக்கும்போதே வண்டிலைப் பூட்டித் தரவை வெளிக்குக் கொண்டுபோனேன். நான் விழவில்லை, தலை எங்கேயும் முட்டவில்லை. ஒரு சின்னப் பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறியது, அவ்வளவுதான். கழுத்து ஒருமுறை வெட்டியது. உலகம் பக்கவாட்டில் சரிந்தது. வண்டிலை விட்டு இறங்கி, சில்லைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரிச் சத்தி எடுத்தேன். மாடு இரண்டும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அன்றைக்குப் பிறகுதான் உண்மையான நோய் வருத்தம் தொடங்கியது.

அதை எப்படிச் சொல்லுவது? வெயில் கண்ணுக்குள் ஊசியாக ஏறியது. கோயில் மணி என் மண்டைக்குள் அடித்தது. கரண்டி கீழே விழுந்தால் உடம்பு முழுக்கத் துடித்தது. குனிந்து செருப்புப் போட்டால் தரை அலையாக எழும்பியது. குலையைத் தூக்கினேன், நிறை வரவில்லை. தராசு ஒன்று சொன்னது, நான் இன்னொன்று சொன்னேன். வாங்க வந்த வியாபாரி நாகரிகமாக மற்றப் பக்கம் பார்த்தான். வாய்வரைக்கும் வந்த சொல் திரும்பிப் போனது. சோற்றில் உப்புக் குறைவு என்று கோப்பையைச் சுவரில் எறிந்தேன். பூமணி கூட்டி அள்ளினாள். அவள் கூட்டுகிற சத்தமும் பொறுக்காமல் கத்தினேன், கத்தினதில் தலை வெடித்துக் காதைப் பொத்திக்கொண்டு குந்தினேன். காகம் ஒன்று மதிலில் வந்து இருந்ததைப் பார்த்து அழுதேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

பெரிய டொக்டர்மாரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிப் போய்ப் பார்த்தோம். ஒருவர் பிரஷர் என்றார், ஒருவர் காதில் கோளாறு என்றார், ஒருவர் வயது என்றார். கிணற்றடிக் கதையைத்தானே எல்லோருக்கும் சொன்னோம். காசும் போனது, குளிசை வகையும் கூடியது. அதன் பிறகு செல்வரத்தினம் ஏதோ செய்வினை செய்துவிட்டான் என்று எனக்குள் ஓர் எண்ணம் விழுந்தது. தோற்றவனுக்குத்தானே வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். நூல் கட்டினேன், கழிப்புக் கழித்தேன். உடுக்குச் சத்தத்தில் மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஆனால் என்னைப்போல் கிடக்கிறவன் எவனாவது இதை வாசித்தால் அவனுக்குத் தேவைப்படும். அந்த நாட்களில் நான் எங்கள் கிணற்றை அதிகம் பார்த்தேன். பொய்க்குச் சொன்ன கிணற்றை. காலையில் கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்து பார்ப்பேன், பின்னேரமும் பார்ப்பேன். தண்ணீர் குளிர்மையாக, சத்தமில்லாமல், இருட்டாக இருந்தது. எனக்கு வேண்டியது அவை மூன்றும்தான். பூமணி அதைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் கேதீஸைக் கூப்பிட்டுக் கிணற்றுக்கு மேலே இரும்பு வலை அடிப்பித்தாள். இலை விழுகிறது என்றாள். எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் மரம் கிடையாது.

அதற்கு அடுத்த காலைதான் அவள் என்னை எங்கள் ஊர்ப்பக்கத்துச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருமலுக்கும் சளிக்கும் போகிற இடம். பெரிய பெரிய டொக்டர்மாருக்குப் பிடிபடாததை இங்கே யார் பிடிக்கப் போகிறார்கள் என்று முனகிக்கொண்டுதான் போனேன். நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தோம். குழந்தைகள் அழுதன. பூமணி தன்னுடைய சேலைத் தலைப்பால் என் தலையை மூடி, இரண்டு கையாலும் என் காதுகளைப் பொத்திக்கொண்டாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சபையில் அவள் என்னைத் தொட்டதில்லை.

டொக்டர் இளவயதுப் பெண். என்னுடைய மகளைவிடச் சின்னவள். உள்ளே போனதும் முதலில் எழும்பி யன்னல் சீலையை இழுத்துவிட்டாள். நான் கண்ணைச் சுருக்கினதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஐயா, சுகம் வந்தால் முதல்லை என்ன செய்ய ஆசை?"

நோவு எங்கே என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். இதற்கு நான் பொய் தயாரித்து வைத்திருக்கவில்லை.

"சித்திரைக்குச் சவாரி ஓடோணும், பிள்ளை."

பூமணி மேசைக்குக் கீழே என் முழங்காலில் இடித்தாள். டொக்டர் பேனையை வைத்தாள்.

"அப்ப உந்தக் கிணத்தடி?"

"அது சில்லுப் பூட்டின கிணறு, பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. விழுந்த பிறகு திரும்பவும் ஏறினீர்களா என்று கேட்டாள். ஏறினேன் என்றேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். விரலை அசைத்துக் கண்ணால் பின்தொடரச் சொன்னாள். குதியோடு விரல் வைத்துக் கோட்டில் நடக்கச் சொன்னாள். மேல்வீடு கட்டினவன் மூன்று அடி வைக்குமுன் சுவரைப் பிடித்தேன். பிடரிக்குக் கீழே கழுத்தை விரலால் அமர்த்தினாள், நோவு நெற்றியில் வந்து குத்தியது. பிறகு பூமணியை வெளியே அனுப்பாமலே, குரலைத் தாழ்த்தாமலே, "சாகோணும் எண்ட நினைப்பு வாறதோ ஐயா?" என்று கேட்டாள். சுகர் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். பூமணி என் சேர்ட் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதுவும் அடிபட்டதன் ஒரு பகுதிதான், கெட்ட மனிதனுக்குத்தான் வருகிறது என்று இல்லை, குறையும், ஆனால் குறையும்வரை தன்னை ஒவ்வொரு கிழமையும் வந்து பார்க்க வேண்டும், அந்த நினைப்புக் கூடினால் எந்த நேரமும் வர வேண்டும் என்றாள். அடுத்தபடியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்து மறுபடி ஸ்கான் எடுக்க அனுப்பினாள். வயதுபோனவர்களுக்கு அடிபட்டுச் சில வாரம் கழித்தும் மூளைக்கு மேலே இரத்தம் மெல்ல மெல்லச் சேரலாமாம், அது இல்லை என்று தெரிந்தால்தான் மற்றதைப் பற்றி யோசிக்கலாமாம்.

அந்த ஸ்கானுக்குக் காத்திருந்த நடைபாதையை நான் மறக்கமாட்டேன். முதல் முறை எனக்குப் பயப்பட நினைவு இருக்கவில்லை. இந்த முறை நினைவு இருந்தது. தள்ளுவண்டியில் ஒருவரை முகம் மூடிக் கொண்டுபோனார்கள். ஓலம் கேட்டது. பூமணி தோடம்பழம் உரித்து, ஒவ்வொரு சுளையிலும் விதை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். நான் தின்னவில்லை. அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். கை நிறைந்தது.

இரத்தம் இல்லை என்று வந்தது. மறுபடியும் "ஒன்றுமில்லை". அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சின்ன ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்றால் எனக்கு ஏன் இப்படி என்று டொக்டரிடம் கத்தினேன். அவள் விளக்கத் தொடங்கினாள். மூளைக்குள் இருக்கிற நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுவது ஸ்கானில் தெரியாது, அது வேலை செய்கிற விதத்தில்தான் தெரியும் என்றாள். அப்போது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வாழைக்குலை லொறியில் அடிபட்டால் காயில் தெரியாது. பச்சைத் தோலைத் தடவிப் பார்த்தாலும் குறை சொல்ல ஏலாது. பழுக்கப் போட்டால்தான் கறுப்பு வரும். ஸ்கான் பச்சைக் குலையைப் பார்க்கிறது. இதைச் சொன்னதும் அவள் முதல்தரம் சிரித்தாள். இனி வருகிற ஆட்களுக்கும் இதையே சொல்லப் போகிறேன் என்றாள். சொல்லட்டும், என்னுடைய உதாரணம்.

அவள் செய்த வைத்தியத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. முதலில் பூமணியிடம், இனி அம்மா இவரை எழுப்பக்கூடாது, அந்த ஆபத்துக்காலம் எப்போதோ போய்விட்டது, நித்திரைதான் இவருக்கு மருந்து என்றாள். பூமணி அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் கெடுத்துப்போட்டேனா என்று கேட்டாள். இல்லை அம்மா, நீங்கள் இவரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னது நல்ல மனத்தால் என்று நினைக்கிறேன். அன்று இரவு நான் விடியும்வரை படுத்தேன். பூமணிதான் பழக்கத்தில் எழும்பி எழும்பி என் மூச்சைப் பார்த்தாளாம்.

தலையிடிக் குளிசையே தலையிடியைத் தருகிறது என்றது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. நாள்தோறும் போட்டால் உடம்பு அதற்குப் பழகி, அது இறங்கும்போது இடிக்குமாம். நிறுத்தினேன். முதற்கிழமை நரகம். பிறகு, நெடுநாள் பெய்த மழை தூறலாகிற மாதிரிக் குறைந்தது. கழுத்துக்குப் பயிற்சி தந்தாள். பெருவிரலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னாள், தலைச்சுற்றுக்கு. இருட்டறையில் கிடப்பதும் பிழையாம். கொஞ்சம் நட, தலையிடி சற்றுக் கூடினால் நில்லு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் நட. பார்க்க வருகிறவர்களை வாசற்படலையில் நிறுத்தக் கேதீஸைப் போட்டோம். அவன் எல்லோரிடமும் மாமா நித்திரை என்றான். ஊர் எங்களைப் பெருமைக்காரர் என்றது. அது புதுச் செய்தியில்லை.

மெல்ல மெல்லத் தேறினேன். குலையின் நிறை கிட்டத்தட்ட வந்தது. கிணற்றைப் பார்க்காமல் கடந்து போனேன். தேறத் தேற எனக்குள் சித்திரைச் சவாரி எழும்பியது. டொக்டரிடம் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. தலையிடியும் தலைச்சுற்றும் இருக்கும்வரை எந்த வயதுக்காரரும் ஏறக்கூடாது. இந்த வயதில், ஒன்றன்மேல் ஒன்றாக அடிபட்ட பிறகு, இனி ஏறவே வேண்டாம் என்பதுதான் தன் சொல், முடிவு உங்களுடையது என்றாள்.

முடிவு என்னுடையது என்றால் எனக்குப் போதும். ஆள் விழுந்தும் வென்ற சோடியின் சொந்தக்காரன் சித்திரைக்குத் திடலில் நிற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? கொட்டிலடியில் இருந்து வண்டில் நுகத்துக்கு எண்ணெய் பூசத் தொடங்கினேன். பூமணி வந்து நின்றாள். கையில் மாட்டுக்குத் தவிட்டு வாளி.

"நீங்கள் வெல்லேல்லை" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பாதியிலை விழுந்திட்டியள். மாடு ரெண்டும் வண்டிலோடை பக்கத்துத் தோட்டத்துக்குள்ளை இறங்கீற்றுது. செல்வரத்தினத்தின்ரை சோடிதான் வந்தது. அண்டைக்கு நீங்கள் கேட்டுக் கேட்டு அந்தரப்பட்டதிலை சொன்னனான். பிறகு மாத்த ஏலாமப் போச்சு."

கேதீஸைக் கூப்பிட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தான். ஃபோனை எடுத்துச் செல்வரத்தினத்துக்கு அடித்தேன்.

"செல்வரத்தினம். அண்டைக்கு ஆர் முன்னுக்கு?"

அந்தப் பக்கம் அவனுடைய மாட்டுமணி கேட்டது.

"நான்தானண்ணை" என்றான். "உங்களுக்கு அந்த நேரம் அப்பிடி…"

வைத்துவிட்டேன்.

அந்தப் பின்னேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. மா டின்னோடு வந்த அத்தனை பேரும் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் எவனிடமும் இரக்கம் வாங்கியதில்லை. இந்த ஒரு வருத்தத்தில் ஊர் முழுக்க எனக்கு அதை அள்ளிப் போட்டிருக்கிறது. நான் அதை வெற்றி என்று நினைத்துத் தின்றிருக்கிறேன். செல்வரத்தினம் தன்னுடைய வெற்றியையே என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறான். அவனுக்கு எதிராகத்தான் நான் நூல் கட்டினேன். பூமணியோடு சில நாட்கள் கதைக்கவில்லை. அவளும் வலிந்து கதைக்கவில்லை. தவிட்டு வாளியை வைத்த இடத்தில் வைத்தாள், சோற்றைப் போட்ட நேரத்தில் போட்டாள். நுகத்தில் எண்ணெய் பூசின பாதியோடு நின்றது. பூசாத பாதி அப்படியே கிடக்கிறது.

சித்திரை வந்தது. நான் போகவில்லை. மாடுகளை விற்கவும் இல்லை. விற்கச் சொல்லி ஆள் வந்தது, கேதீஸ் படலையில் வைத்தே மாமா நித்திரை என்று சொல்லி அனுப்பினான்.

இன்றைக்கும் எனக்கு முழுச் சுகம் இல்லை. டொக்டர் சொல்லுகிறாள், பெரும்பாலானவர்கள் வாரங்களில் தேறுவார்கள், சிலருக்கு மாதங்கள், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமாகத் தங்கிவிடும் என்று. எனக்குத் தங்கியது சத்தம். என் சொந்தச் சத்தத்தையே என்னால் போட ஏலாது. ஒருநாள் கொட்டிலில் நின்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். மயிலை காதை நிமிர்த்தியது. எனக்குக் கண் இருண்டது.

சவாரி நாளன்று திடலின் ஒலிபெருக்கி எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. பூமணி யன்னல்களைச் சாத்தினாள், என் காதுகளில் பஞ்சு வைத்தாள், கால்மாட்டில் வந்து இருந்தாள். சொல் ஒன்றும் விளங்கவில்லை, இரைச்சல்தான் சுவர் வழியாக வந்தது. கொட்டிலில் மாடு இரண்டும் கால் மாற்றி மாற்றி நிலத்தை அடித்தன. இரைச்சல் உயர்ந்து, ஓரிடத்தில் வெடித்து, அடங்கியது. ஓர் ஓட்டம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"ஆர் முன்னுக்கு?" என்று கேட்டேன். கேட்க நினைக்கவில்லை. வாய் கேட்டது.

பூமணி என் பாதத்தில் கையை வைத்தாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "நான் இஞ்சை உங்களோடையெல்லே இருக்கிறன்."